மழை விட்டும் புள்ளி விடவில்லை!

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு



'மழை விட்டும் தூவானம் விடவில்லை' என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளைக் கார் வைத்திருப்பவர்களைக் கேட்டால் பழமொழியையே மாற்றிவிடுவார்கள். மழை விட்டும் புள்ளி விடவில்லை!

ஐப்பசி, கார்த்திகையில் எந்த டாக்ஸி ஸ்டாண்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வரிசையாக வெள்ளை வண்டிகள் நிற்கும். ராத்திரி பெய்த மழையில் பானெட் முழுக்கப் புள்ளி, கதவுகளில் கறுப்புக் கோடு, மட்கார்டில் சேறு. ஒரு டிரைவர் காய்ந்த துணியை வைத்துக்கொண்டு அழுத்தி அழுத்தித் துடைத்துக் கொண்டிருப்பார். இன்னொருவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "விடுண்ணே! நாளைக்கும் மழைதான். எதுக்கு வீணா தொடைக்கிறே?" என்பார். இந்த இருவரில் யார் செய்வது சரி? இரண்டுமே சரியில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

'கார் கழுவுவதெல்லாம் ஒரு கட்டுரையா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் பலர் டிப்ளமோ முடித்ததும் ஏதாவது ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில்தான் முதல் சம்பளம் வாங்கப் போகிறோம். "சார், வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை, இந்தப் புள்ளி போகவே மாட்டேங்குதே?" என்று கஸ்டமர் கேட்கும்போது, முழித்துக்கொண்டு நிற்காமல் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. சொந்தக்காரருக்குப் புள்ளி என்பது அழகுப் பிரச்சினை. கடன் வாங்கி மஞ்சள் போர்டு வண்டி ஓட்டுபவருக்கு அது சோற்றுப் பிரச்சினை. கல்யாண வீட்டுக்காரரும் டூரிஸ்ட்காரரும் முதலில் பார்ப்பது என்ஜினையா? வெளிப் பளபளப்பைத்தானே! விற்கப் போகும்போதும் அதேதான்.

மழை குற்றவாளியா?

மேகத்தில் உருவாகும்போது மழைத்துளி கிட்டத்தட்ட நம்ம லேபில் இருக்கும் டிஸ்டில்டு வாட்டர் மாதிரிதான். கடலிலும் ஏரியிலும் உப்பை விட்டுவிட்டு ஆவியாகி மேலே போன தண்ணீர்தானே அது! கீழே வரும் வழியில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கரைத்துக் கொள்கிறது. அதனால் சுத்தமான மழைத்தண்ணீருக்கே பி.ஹெச். சுமார் 5.6 தான். லேசான அமிலம். இத்தோடு நின்றால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் நம் ஊர்க் காற்றில் அது மட்டுமா இருக்கிறது? ரோட்டுப் புழுதி, டீசல் புகைக்கரி, தொழிற்சாலைப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு எல்லாம் இருக்கிறது. பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழை இவ்வளவையும் வாரிக்கொண்டு வந்து நம் வண்டியின் மேல் கொட்டுகிறது. சொல்லப்போனால் அது ஊரைக் கழுவின தண்ணி! அரை மணி நேரம் நன்றாகக் கொட்டித் தீர்த்த பிறகு வருகிற மழைதான் சுத்தமானது.

சரி, துளி விழுந்தாகிவிட்டது. மழை நின்று வெயில் அடிக்கிறது. தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர்தான் போகுமே தவிர, அதில் கரைந்ததும் மிதந்ததும் போகாது. துளி சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் உப்பும் அமிலமும் அடர்த்தியாகிக்கொண்டே வரும். கடைசி நிமிடத்தில் அங்கே இருப்பது மழைத்தண்ணீர் அல்ல, கெட்டியான ஒரு கரைசல். பெயிண்டைக் கடிப்பது அதுதான்.

காய்ந்த புள்ளியை உற்றுப் பாருங்கள். நடுவில் வெளுப்பாகவும் ஓரத்தில் அழுத்தமாகவும் வளையம் மாதிரி இருக்கும். மேஜையில் சிந்திய காபியும் இப்படித்தான் காயும். ஏன் என்பதை 1997-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள். துளியின் ஓரம் ஒரே இடத்தில் ஒட்டி நிற்கிறது. ஓரத்தில்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது. போகும்போது அழுக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் வளையம்.

போர் தண்ணியின் கணக்கு

மழை அழுக்கைக் கழுவுகிறோம் என்று நாம் எதை ஊற்றுகிறோம்? பெரும்பாலும் போர் தண்ணி! கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டால் மழைப் புள்ளிக்கு மேல் உப்புப் புள்ளி. இங்கேதான் விஷயம் மோசமாகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். போர் தண்ணீரில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்பு கரைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500, 2012 பதிப்பு, கரைந்த உப்புக்கு 500 மில்லிகிராம்தான் விரும்பத்தக்கது என்கிறது. வேறு வழியே இல்லாத ஊரில் 2,000 வரை.) கழுவி முடித்த பிறகு வண்டி மேல் ஒரு லிட்டர் தண்ணீர் ஒட்டியிருந்தால் 1.5 கிராம் உப்பு. கிட்டத்தட்ட கால் டீஸ்பூன். வாரம் ஒரு முறை கழுவினால் மாதத்துக்கு ஒரு டீஸ்பூன் உப்பை நாமே நம் கையால் கார் மேல் தூவுகிறோம் என்று அர்த்தம்!

இதில் சாப்பாட்டு உப்பு வகையறா அடுத்த தடவை கழுவும்போது கரைந்து போய்விடும். போகாதது எது தெரியுமா? நாம் முதலாண்டு கெமிஸ்ட்ரியில் படித்த அந்தத் தற்காலிகக் கடினத்தன்மை! கால்சியம் பைகார்பனேட் தண்ணீரில் கரைந்து வருகிறது; தண்ணீர் காயும்போது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. இது தண்ணீரில் கரையாது. வீட்டில் வாட்டர் ஹீட்டர் காயிலிலும் இட்லிப் பானைக்கு உள்ளேயும் வெள்ளையாகப் படிகிறதே, அதே சரக்குதான். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் அது லேசில் போகாது. அதைத் தேய்த்தே எடுக்கிறேன் என்று பெயிண்டில் இறங்கினால் என்ன ஆகும்?

ஆக, எதிரி மழை இல்லை. வண்டி மேலேயே காய்ந்துபோகும் தண்ணீர்தான் எதிரி. கீழே சொல்லப் போவதெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து வருவதுதான்.

வெள்ளை காட்டிக்கொடுப்பதும் மறைப்பதும்

வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. மேலே விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் கரி, சேறு, தார், துரு என்று கறுப்பும் பழுப்பும் எது பட்டாலும் பளிச்சென்று தெரியும். கறுப்புக் காரில் நிலைமை நேர் எதிர். அங்கே சுண்ணாம்புப் புள்ளிதான் பல்லை இளிக்கும்.

இதனால் ஒரு வசதியும் ஓர் ஆபத்தும் உண்டு. வசதி என்னவென்றால், வெயிலில் வெள்ளைத் தகடு கறுப்பைப் போல் சூடேறாது. துளி கொஞ்சம் மெதுவாகக் காயும். துடைக்க நமக்கு நேரம் கிடைக்கும். ஆபத்து என்னவென்றால், வெள்ளை மேல் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்தால் கண்ணுக்கே தெரியாது. 'என் வண்டியில் உப்புப் புள்ளியே கிடையாது' என்று வெள்ளை, சில்வர், கிரீம் கலர்க்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அது உள்ளே உட்கார்ந்துகொண்டு, மேலே வரும் கரியையும் புழுதியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் வெள்ளை மங்கி, பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிடும்.

கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, பக்கத்துக் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கதவிலும் பானெட்டிலும் நிச்சயம் இருக்கும். இரண்டிலும் பட்டது ஒரே தண்ணீர்தானே! இரண்டாவது, கழுவித் துடைத்த பிறகு விரலை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் விட்டு பானெட் மேல் மெதுவாகத் தடவுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சுத்தம். ரவை மேல் தடவுவது போல் நறநறவென்றால் ஏதோ ஒட்டியிருக்கிறது.

புள்ளியைப் பார்த்து நோயைச் சொல்லுங்கள்

டாக்டர் நாடி பிடிப்பது மாதிரி நாமும் முதலில் எந்தப் புள்ளி என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

1. வெளிறிய வளையம்: காய்ந்த மழைத்துளி அல்லது போர் தண்ணி. சுண்ணாம்பும் புழுதியும்.

2. கதவுக் கைப்பிடிக்குக் கீழே, பக்கக் கண்ணாடிக்குக் கீழே, ரப்பர் பீடிங் ஓரத்தில் இறங்கும் கறுப்புக் கோடு: அங்கெல்லாம் அழுக்கும் கரியும் ஒளிந்திருக்கும். மழைத்தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு ஒழுகும். பழைய ரப்பர் தேய்ந்து வரும் கறுப்பும் சேர்ந்துகொள்ளும்.

3. பின் கதவிலும் டிக்கியிலும் சக்கரத்துக்குப் பக்கத்திலும் மிளகாய்ப்பொடி தூவினது போல ஆரஞ்சுப் புள்ளிகள்: பார்த்தவுடன் 'ஐயோ, பாடியே துருப்பிடிச்சிருச்சு' என்று பயப்பட வேண்டாம். பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அதிலிருந்து இரும்புத்தூள் பறக்கிறது. ரயில்வே லைன் ஓரமாக நிறுத்தும் வண்டிக்கு அங்கிருந்தும் வரும். பெயிண்டில் ஒட்டிய தூள் மழை ஈரத்தில் துருப்பிடிக்கிறது. துரு தூளுக்குத்தான், தகட்டுக்கு அல்ல. ஆனால் அப்படியே விட்டால் கறை ஆழமாக இறங்கும்.

4. இலை வடிவத்தில் பழுப்புக் கறை: மரத்தடியில் நிறுத்தினால் வருவது. நனைந்த இலையிலும் பூவிலும் இருந்து இறங்கும் துவர்ப்புச் சாயம் இது.

5. கதவின் அடிப்பக்கம் கறுப்புப் பொட்டு, ஒட்டுகிறது: தார். மழையில் பெயர்ந்த ரோட்டின் அன்பளிப்பு!

இவை தவிர பறவை எச்சம். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. 'மழை வந்து கழுவிடும்' என்று விட்டால் அது கரைந்து பரவுமே ஒழிய முழுசாகப் போகாது. பார்த்த உடனே ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு எடுத்துவிடுங்கள்.

இரண்டு முடி கனம்

'அழுத்தித் தேய்த்தால் போய்விடும்' என்பவர்களுக்காக ஒரு கணக்கு. தகட்டின் மேல் பாஸ்பேட் பூச்சு, மின்முறையில் படிய வைத்த பிரைமர், அதன் மேல் சர்ஃபேசர், பிறகு நிறம், கடைசியில் கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். எல்லாம் சேர்ந்தும் சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். அதாவது மொத்தப் பெயிண்டும் இரண்டு முடி கனம்! மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். ஒரு முடி கனம்கூட இல்லை. ஒவ்வொரு தடவை ரப்பிங் காம்பவுண்டு போடும்போதும் இதில் கொஞ்சம் கரைந்து போகிறது. ஒருநாள் தீர்ந்துவிடும். பிறகு டிங்கரிங் ஷெட்தான்.

சில வெள்ளை வண்டிகளில் தனியாகக் கிளியர் கோட்டே இருக்காது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. மறைவான இடத்தில் சொட்டு பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் வெள்ளை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் நீங்கள் தேய்ப்பது நிறத்தையேதான்.

காய்ந்த துணியால் துடைப்பதும் அதே வேலைதான். புழுதியில் இருப்பது சிலிக்கா மணல். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. சாதாரணக் கண்ணாடியே சுமார் 5.5 தான். பெயிண்ட் அதைவிட எவ்வளவோ மெத்து. புழுதி படிந்த வண்டியைக் காய்ந்த பனியன் வேஸ்டால் துடைப்பதும், பிட்டிங் ஷாப்பிலிருந்து எமரி பேப்பரை எடுத்து வந்து தேய்ப்பதும் ஒன்றே!

முள்ளை முள்ளால் எடுங்கள்

இப்போது கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருவோம். புள்ளி விடாத தண்ணீர் வேண்டும். அது காசில்லாமல் வேண்டும். எங்கே கிடைக்கும்? மேலேதான்!

தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் அந்தக் குழாயில், முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டு, நன்றாகக் கொட்டும்போது இரண்டு பக்கெட்டோ ஒரு டிரம்மோ பிடித்து மூடி வையுங்கள். கொசு வராமல் மூடுவது முக்கியம். கழுவுவதற்குப் போர் தண்ணியே போதும். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணி. அது போர் தண்ணியின் உப்பை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். தப்பித்தவறி நாலு துளி காய்ந்தாலும் சுண்ணாம்பு மிஞ்சாது.

கழுவும் முறை

மழைக்காலத்தில் தினம் தினம் ஷாம்பூ போட வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை முழுக் குளியல். நடுவில் சேறு பட்டால் வெறும் தண்ணீர் அடித்து ஒரு துடைப்பு. அவ்வளவுதான். 'நாளைக்கும் மழைதானே' என்று ஒரு மாதம் விடுவதுதான் கறையை நிரந்தரமாக்கும்.

1. நிழலில் நிறுத்துங்கள். பானெட் சூடு ஆறட்டும். சூடான தகட்டில் ஷாம்பூவே காய்ந்து புள்ளியாகிவிடும்.

2. முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றுங்கள். கை வைக்காதீர்கள். மணல் தானாக இறங்கட்டும். சக்கரத்துக்கு மேலே மட்கார்டு உட்புறத்தில் சேறு கட்டியிருக்கும். அதையும் அடித்து விடுங்கள்.

3. இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்பூவில் நனைத்துக் கூரையிலிருந்து தொடங்குங்கள். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் விட வேண்டும். ஒரே பக்கெட் என்றால் எடுத்த மணலையே திருப்பித் திருப்பித் தேய்ப்போம். கதவின் கீழ்ப்பாகமும் பம்பரும் கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி.

4. கறுப்புக் கோடு வரும் இடங்களில் கோட்டை மட்டும் துடைத்தால் போதாது. ரப்பர் பீடிங்கையும் கைப்பிடிக் குழியையும் பழைய டூத் பிரஷ்ஷில் ஷாம்பூ தொட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஊற்றுக்கண்ணை அடைத்தால்தான் ஓடை நிற்கும்.

5. மழைத்தண்ணீரில் கடைசி அலசல்.

6. உடனே துடைத்தல். இதை விட்டால் இவ்வளவு நேரம் செய்ததும் வீண். மைக்ரோ ஃபைபர் துணியோ ஷாமாய் தோலோ போதும். அழுத்தாமல் விரித்துப் போட்டு இழுத்தாலே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கதவு, டிக்கி, பானெட் எல்லாம் திறந்து ஓரங்களைத் துடையுங்கள். பக்கக் கண்ணாடிக் கூட்டுக்குள் தங்கிய தண்ணீர் பத்து நிமிடம் கழித்துத்தான் ஒழுகும். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து அதையும் துடைத்துவிடுங்கள்.

இன்னொரு சுருக்கு வழியும் உண்டு. அரை மணி நேரம் நல்ல மழை பெய்து அழுக்கு ஊறியிருக்கும்போது, இடி மின்னல் இல்லையென்றால், மழையிலேயே ஷாம்பூ போட்டு விடுங்கள். அலசும் வேலையை மேகம் பார்த்துக்கொள்ளும். பிறகு ஷெட்டுக்குள் ஏற்றித் துடைக்க வேண்டியதுதான். கஷ்டப்பட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கும் டிரைவர் அண்ணன்மாருக்கு இதைவிடச் சுலபம் வேறில்லை.

வாக்ஸ், கோட்டிங் பற்றி

சென்னை, கடலூர், தஞ்சைப் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கன்னியாகுமரி, தென்காசிப் பக்கம் ஜூனிலேயே தொடங்கிவிடும். அதற்கு முன்பே சுத்தமான வண்டிக்கு ஒரு கோட் வாக்ஸ் போட்டுவிடுங்கள். பிரேசில் நாட்டுப் பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு இதில் பேர்போனது. வாக்ஸ் போட்ட பெயிண்டில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு உருளும். தாமரை இலைத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது முத்துகள் காற்றில் பறந்துவிடும்.

ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் முத்துகள் அங்கேயே காயும். வாக்ஸ் போட்டாலும், இப்போது பிரபலமாக இருக்கும் செராமிக் கோட்டிங் போட்டாலும், தண்ணீர் காய்ந்தால் புள்ளி விழத்தான் செய்யும். ஒரு லாபம், புள்ளி பெயிண்டில் இல்லாமல் மேல் பூச்சில் விழும்; கழுவினால் சீக்கிரம் விடும். 'கோட்டிங் போட்டா கழுவவே வேணாம் சார்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழக்க தோஷங்கள்

துணி சோப்புத் தூள்: அதில் சோடா இருக்கிறது. அழுக்கோடு வாக்ஸையும் சேர்த்துக் கழுவிவிடும்.

மண்ணெண்ணெய், டீசல் துடைப்பு: அந்த நேரத்துக்குப் பளபளக்கும். அது பெயிண்டின் பளபளப்பு அல்ல, எண்ணெயின் பளபளப்பு. அரை நாளில் புழுதியெல்லாம் அதில் ஒட்டும். ரப்பர் பீடிங் ஊதிப் போகும்.

ஈர வண்டிக்குக் கவர் போடுதல்: ஈரம் உள்ளேயே அடைபடும். காற்றில் கவர் ஆட ஆட, இடையிலுள்ள மணல் தேய்க்கும். கவர் போடுவதென்றால் கழுவி, காய வைத்துப் போடுங்கள்.

கறை விழுந்துவிட்டால்

மெத்தான மருந்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் போக வேண்டும். எடுத்த எடுப்பில் ரப்பிங் காம்பவுண்டு கூடாது.

சுண்ணாம்புப் புள்ளிக்கு மளிகைக் கடை வினிகர். அதில் அசெட்டிக் அமிலம் இருக்கிறது. சம அளவு மழைத்தண்ணீர் கலந்து, ஆறின தகட்டில், துணியில் நனைத்து ஓரிரு நிமிடம் போட்டு வையுங்கள். சுண்ணாம்பு கால்சியம் அசெட்டேட்டாகிக் கரைந்து வரும். காயவிடாமல் நிறையத் தண்ணீரில் அலசி, ஷாம்பூ போட்டுவிடுங்கள். வாக்ஸும் போயிருக்கும், மறுபடி போட வேண்டும்.

ஆரஞ்சுப் புள்ளிக்கு இரும்பு நீக்கி என்றே கடையில் கிடைக்கிறது. அதிலுள்ள தயோகிளைகோலேட் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும். வெள்ளை வண்டியில் பார்க்க வேடிக்கையாக இருக்கும். நாற்றம்தான் குடலைப் புரட்டும்! கையுறை போட்டுக்கொண்டு, நிழலில் அடித்து, காய்வதற்குள் கழுவிவிடுங்கள். மிச்சம் ஒட்டியிருந்தால் அதற்கென்றே விற்கும் களிமண் கட்டியை ஷாம்பூத் தண்ணீர் விட்டு, அழுத்தாமல் வழுக்கிக்கொண்டு தேய்க்கலாம். கட்டி தரையில் விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். அதில் மணல் ஏறிவிட்டது.

தாருக்குத் தார் நீக்கி. கிடைக்காவிட்டால் பொட்டு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய், உடனே ஷாம்பூ. மருந்து வேறு, சாப்பாடு வேறு!

இவ்வளவுக்கும் போகாமல் குழி மாதிரித் தெரிந்தால் அமிலம் கிளியர் கோட்டைத் தின்றிருக்கிறது. அதற்கு மட்டும் பாலிஷ். அதையும் தெரிந்தவர் கையால் செய்வது நல்லது.

கண்ணில் படாத துளைகள்

கடைசியாக, வெளியே தெரியாத ஓர் இடம். கதவைத் திறந்து அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள். சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வைத்தவை. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்திலும் வடிகால் உண்டு. சேறும் இலையும் இவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, தகடு உள்ளிருந்து வெளியே துருப்பிடித்து வரும். வெள்ளைப் பெயிண்டில் கொப்புளம் கிளம்பும்போதுதான் நமக்குத் தெரியும். அதற்குள் தகடு போயே போச்சு! மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை ஒரு ஈர்க்குச்சியால் குத்தி விட்டால் போதும். கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடங்களுக்கு மழைக்கு முன்பே டச்-அப் போட்டுவிடுங்கள். புள்ளி அழகைத்தான் கெடுக்கும். துரு வண்டியையே தின்றுவிடும்.

லேபுக்குப் போவோமா?

என்ன நண்பர்களே, நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறதா? அடுத்த கெமிஸ்ட்ரி லேபில் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு கூம்புக் குடுவையில் ஹாஸ்டல் போர் தண்ணி, இன்னொன்றில் மாடிக் குழாயில் பிடித்த மழைத்தண்ணி. இரண்டிலும் அம்மோனியா பஃபர், எரியோகுரோம் பிளாக் டி இரண்டு சொட்டு. பியூரெட்டில் ஈ.டி.டி.ஏ. போர் தண்ணி ஒயின் ரெட்டிலிருந்து ஸ்டீல் புளூவுக்கு வருவதற்குள் கை வலித்துவிடும். மழைத்தண்ணி சில சொட்டிலேயே நீலமாகிவிடும். ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, மறந்துவிட்ட அந்த எக்ஸ்பெரிமென்ட்தான் டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் வெள்ளை வண்டியின் புள்ளிக்கும் விடை.

அடுத்த மழைக்கு உங்கள் தெரு டிரைவர் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "கழுவுறது எந்தத் தண்ணியிலேயும் கழுவுங்கண்ணே, கடைசி ரெண்டு பக்கெட் மட்டும் மழைத்தண்ணியா இருக்கட்டும். அப்புறம் காய விடாமத் தொடைச்சிருங்க" என்றால் போதும். நாம் படித்த கெமிஸ்ட்ரி அவருக்கு ஒரு பெயிண்டிங் செலவை மிச்சப்படுத்தினால், அதைவிட நல்ல மார்க் வேறென்ன வேண்டும்?